சட்ட ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முறை: திருவிதாங்கூர்ச் சட்டங்களைப் பற்றி எழுதுவோருக்கு

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தன. ஆகவே நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சொத்துரிமையைப் பற்றி எழுதும் எவரும் திருவிதாங்கூர்ச் சட்டங்களைத் தொடாமல் இருக்க முடியாது. அத்தகைய கட்டுரை ஒன்றை ஆய்விதழுக்கு அனுப்பி, அது அச்சேறும் வரை உடனிருந்து கவனித்த பிறகு இக்குறிப்பை எழுதுகிறேன். கட்டுரை எழுதி முடிந்துவிட்டது, அனுப்புவது மட்டுமே மீதம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் இதழைத் தேர்ந்தெடுங்கள். அவ்விதழின் அண்மை வெளியீடுகள் இரண்டையாவது படித்து, சட்ட வரலாற்றுக் கட்டுரைகளுக்கு அங்கே இடமுண்டா என்று பாருங்கள். தரமான ஆய்விதழ்கள் இவை என்று காட்டிய யுஜிசி-கேர் பட்டியலை நம்பித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இனி உதவாது. பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் அப்பட்டியலைக் கைவிட்டுவிட்டது. ஐஎஸ்எஸ்என் எண் (இதழ்களை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்) உண்மையானதா என்பதையும், ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் தங்கள் நிறுவனப் பக்கத்தில் அப்பொறுப்பைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்பதையும் நீங்களே சரிபாருங்கள். சில நாட்களில் வெளியிடுவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இதழை விட்டு விலகுங்கள்.

அடுத்தது அடிக்குறிப்பு. இதழ் கேட்கும் மேற்கோள் முறை ஆஸ்கோலாவா, ப்ளூபுக்கா, இந்தியச் சட்ட நிறுவனத்தின் முறையா என்று பார்த்து, அதை முழுதாகப் பின்பற்றுங்கள். அடிக்குறிப்புகளை அமைத்துத் தரும் மென்பொருள்களில் ஜொடேரோவையே நான் பரிந்துரைக்கிறேன். அது இலவசம், ஆஸ்கோலா வடிவமும் அதில் கிடைக்கிறது. ஆயினும் பழைய சமஸ்தானச் சட்டங்களுக்கு அதை நம்ப வேண்டாம்; அவற்றைக் கையாலேயே எழுதுங்கள்.

நம் மாவட்டத்தவர் அதிகம் இடறக்கூடிய இடமும் இதுதான். திருவிதாங்கூர்ச் சட்டங்கள் மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் எண்ணிடப்பட்டவை. நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் 1101-ஆம் ஆண்டின் 6-ஆம் சட்டம். கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1092-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டம். கிறிஸ்தவப் பெண்களின் சொத்துரிமை குறித்த மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் தந்த தீர்ப்பின்படி, இந்த 1092-ஆம் ஆண்டுச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதல் நீங்கி, அதன் இடத்தில் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்தது. நாகர்கோவிலில் இதைப் படிப்பவருக்குக் குழப்பம் இராது. ஆனால் டெல்லியில் அமர்ந்து படிக்கும் மதிப்பீட்டாளருக்கு 1092 என்பது சோழர் காலத்து ஆண்டாகவே தோன்றும். என் கட்டுரை குறித்து வந்த முதல் கேள்வியே, அந்த ஆண்டு அச்சுப் பிழையா என்பதுதான்.

ஆகவே முதன்முறை குறிப்பிடும்போது இப்படி எழுதுங்கள்: ‘திருவிதாங்கூர் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம், கொல்லம் ஆண்டு 1101-இன் 6-ஆம் சட்டம் [கி.பி. 1925-26]’. கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்ஙம் (ஆவணி) முதல் நாள் பிறப்பதால், டிசம்பர் முடிய 824-உம் ஜனவரி முதல் 825-உம் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். சட்டம் வெளியான நாள் உறுதியாகத் தெரிந்தாலொழிய ஒற்றை ஆண்டாகக் குறுக்க வேண்டாம். பழைய பதிப்புகளில் ‘ரெகுலேஷன்’ என்று இருந்தால், நீங்கள் பார்த்த பதிப்பில் உள்ளபடியே மேற்கோள் காட்டி, பிற்காலப் பெயரையும் உடன் தாருங்கள்.

பிறகு பெயரை நீக்குங்கள். பெரும்பாலான இதழ்கள் எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியாத முறையைப் பின்பற்றுகின்றன. தலைப்பின் கீழுள்ள பெயரை அழித்தால் மட்டும் போதாது. வேர்டில் ‘இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்’ வழியாகக் கோப்பின் பண்புகளிலுள்ள பெயரையும் ஓரக்குறிப்புகளையும் நீக்குங்கள். ‘எனது முந்தைய கட்டுரையில் காட்டியபடி’ போன்ற தொடர்களையும், குடும்பப் பத்திரத்தை வழங்கிய உறவினருக்கு நன்றி கூறும் வரியையும் தனி முகப்புத் தாளுக்கு மாற்றுங்கள்.

அனுப்பும் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும்: தலைப்பு, சொல் எண்ணிக்கை, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதிமொழி.

பிற்சேர்க்கை: ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பலாமா என்று வாசகர் சிலர் கேட்டிருந்தனர். அமெரிக்கச் சட்டக் கல்லூரி மாணவர்கள் நடத்தும் இதழ்களில் அது வழக்கம். இந்திய இதழ்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. பதிலுக்குக் காத்திருக்க இயலாவிட்டால், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி, ஒப்புதல் வந்த பின்னரே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.

கட்டுரை ஏற்கப்பட்ட பின் மெய்ப்பு (அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் படி) வரும்போது, கொல்லம் ஆண்டுகளை மட்டும் தனியாக ஒருமுறை ஒப்பிடுங்கள். 1101 என்பதைப் பிழையெனக் கருதி யாரேனும் 1901 என்று திருத்தியிருந்தால், அதைத் தடுக்க உங்களுக்குள்ள கடைசி வாய்ப்பு அந்த மெய்ப்புதான்.