வேகச் சோதனைக் கணினியில் பிராக்ஸிச் சிக்கல்: எங்கே தேடுவது?

வலைத்தளங்கள் எவ்வளவு வேகமாகத் திறக்கின்றன என்று தானாக அளக்கும் கணினியில், இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் பிராக்ஸி சர்வரின் அமைப்பு தவறாக இருக்கலாம். பக்கமே திறக்காவிட்டால் பிராக்ஸியில் கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். பக்கம் ஒழுங்காகத் திறந்து எண்கள் மட்டும் கெட்டுப்போவதுதான் ஆபத்து. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சோதனைக் கணினி வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து ஃபைபர் அறுந்தால் ரௌட்டர் 4ஜிக்குத் தாவிவிடும். பிராக்ஸி அமைப்போ பழைய லைனுக்கு எழுதியபடியே நிற்கும்.

முதலில், சோதனை எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸில் பிராக்ஸி அமைப்பு பொதுவாகக் கணக்குக்குக் கணக்கு வேறு. ஏஜென்ட் (சோதனையை ஓட்டும் நிரல்) பின்னணி சர்வீஸாக வேறு கணக்கில் ஓடினால், நீங்கள் லாகின் செய்து செட்டிங்ஸில் திருத்தியது அதற்குப் போய்ச் சேராது. உங்கள் க்ரோமில் தளம் திறப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விண்டோஸின் 'நெட்ஷ் வின்எச்டிடிபி' (netsh winhttp) கட்டளை காட்டும் பிராக்ஸியும் வேறு. க்ரோம் அதைப் பார்ப்பதே இல்லை.

அடுத்து, சோதனை திறக்கும் அதே பிரவுசரில் க்ரோமின் வெர்ஷன் பக்கத்துக்குப் போய் கமாண்ட் லைன் வரியைப் படியுங்கள். அதில் 'பிராக்ஸி-சர்வர்' ஃபிளாக் (பிரவுசரைத் திறக்கும்போது சேர்க்கும் கட்டளை) இருந்தால் சிஸ்டம் செட்டிங்ஸ் செல்லாது. நிர்வாகி விதித்த அமைப்புகளைக் காட்டும் பாலிசி பக்கத்தில் பிராக்ஸி விதி இருந்தால் அந்த ஃபிளாகும் செல்லாது. ஃபயர்பாக்ஸுக்குத் தனி அமைப்பு உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.

பிராக்ஸி முகவரி 127.0.0.1 (அதே கணினி), போர்ட் 8888 என்று இருந்தால் பெரும்பாலும் ஃபிட்லர் போன்ற, வலைப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவி விட்டுப்போன மிச்சம். ஒழுங்காக மூடினால் அது பழைய அமைப்பைத் திருப்பி வைக்கும்; கரண்ட் போய்க் கணினி அணைந்தால் அதற்கு வாய்ப்பில்லை. அடுத்த முறை 'பிராக்ஸி கனெக்‌ஷன் ஃபெயில்டு' பிழைதான் வரும். 407 என்ற பிழை எண் வந்தால் கதை வேறு: பிராக்ஸி உயிரோடு இருக்கிறது, பாஸ்வேர்டு கேட்கிறது.

பிழையே வராதபோது வாட்டர்ஃபாலை (ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆன நேரத்தைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். டிஎன்எஸ் நேரம் (தளத்தின் பெயருக்கு முகவரி தேட ஆனது) எல்லாத் தளத்துக்கும் பூஜ்யமா? பெயரைத் தேடும் வேலையை பிராக்ஸி செய்கிறது என்று சந்தேகப்படுங்கள். பிரவுசருக்குள் இருக்கும் டெவ்டூல்ஸின் டைமிங் பகுதியில் 'பிராக்ஸி நெகோஷியேஷன்' வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். எச்டிடிபி/3 தரும் தளம் எப்போதும் எச்டிடிபி/2-லேயே வருவதும் ஓர் அடையாளம். எச்டிடிபி/3-க்கு அடிப்படையான க்விக் யுடிபியில் ஓடுவது, சாதாரண எச்டிடிபி பிராக்ஸி வழியே போகாது. பிரவுசர் திறந்ததும் முதல் கோரிக்கை மட்டும் தாமதமானால் 'ஆட்டோமேட்டிக்காகக் கண்டறி' என்ற தேர்வை அணைத்துப் பாருங்கள். டபிள்யூபேட் (பிராக்ஸியைத் தானாகக் கண்டறியும் முறை) தேடலுக்கு நெட்வொர்க்கில் பதில் கிடைக்காமல் பிரவுசர் காத்திருக்கும். லைன் மாறியபின் இது அதிகம் தெரியும்.

நேரடி வேகம் வேண்டுமென்றால் 'நோ-பிராக்ஸி-சர்வர்' ஃபிளாகோடு ஓட்டுங்கள். அலுவலகம் பிராக்ஸியைக் கட்டாயமாக்கியிருந்தால் அதன் முகவரியைக் கையால் கொடுத்து, ஒவ்வொரு முடிவோடும் குறித்து வையுங்கள். பிராக்ஸியில் வேகக் கட்டுப்பாடு போட்டு உள்ளூர் சர்வரைச் சோதிப்பவர்கள் கவனிக்க: க்ரோம் 72 முதல் லோக்கல்ஹோஸ்ட் தானாகவே பிராக்ஸியைத் தவிர்த்துவிடும். பைபாஸ் பட்டியலில் (பிராக்ஸி வழியே போகாத முகவரிகள்) 'மைனஸ் லூப்பேக்' (<-loopback>) விதியைச் சேர்க்காவிட்டால் நீங்கள் போட்ட கட்டுப்பாடு எதுவும் அங்கே எடுபடாது.

திருத்தியபின் பேஸ்லைனை (ஒப்பிடுவதற்கான அடிப்படை எண்கள்) புதிதாக எடுங்கள். பிராக்ஸி வழியே வந்த பழைய எண்களை அதே வரைபடத்தில் சேர்க்காதீர்கள்.