கர்னலில் ரேஸ் கண்டிஷன்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

குடியாத்தத்தில் உறவினர் வீட்டுத் திருமணம். மொய் எழுத இரண்டு மேசைகள், மொத்தத் தொகைக்கு மட்டும் நடுவில் ஒரே சீட்டு. சீட்டில் 45,000 என்று இருந்ததைப் பார்த்த மாமா, தன்னிடம் வந்த 500-ஐ மனக்கணக்காகக் கூட்டினார். அதே நொடியில் சித்தப்பாவும் அதே 45,000-ஐப் பார்த்து 1,000-ஐக் கூட்டினார். மாமா 45,500 என்று எழுத, சித்தப்பா அதை அடித்துவிட்டு 46,000 என்று எழுதினார். இருவர் கூட்டலும் சரி. கணக்கில் மட்டும் 500 ரூபாய் குறைந்தது.

காட்பாடியில் ஞாயிறுதோறும் என்னிடம் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நிரலாக்கம் படிக்கும் மாணவர்களுக்கு ரேஸ் கண்டிஷனை இந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்குவேன். ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொட, யார் எப்போது முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறினால் அதுதான் ரேஸ் கண்டிஷன். மேசைகளுக்குப் பதில் சிபியு கோர்கள் (செயலிக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), சீட்டுக்குப் பதில் நினைவகம். இனி செய்முறை.

1. களம்

கியூஎமு மெய்நிகர் இயந்திரத்தில் 4 கோர்கள் கொடுத்து லினக்ஸை ஓட்டுங்கள். அன்றாடம் வேலை செய்யும் கணினியில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

2. பிழையை வரவழையுங்கள்

ஒரு சிறிய டிரைவர் (சாதனத்தை இயக்க கர்னலுக்குள் ஓடும் நிரல்) எழுதுங்கள். அதில் ஒரு பஃபர் (தரவு வைக்கும் நினைவகத் துண்டு), அதன் முகவரியைச் சுட்டும் ஒரு பாயின்டர். 'விடுவி' என்ற கட்டளை வந்தால் மூன்று வேலைகள்: பாயின்டர் காலியா என்று பார், காலி இல்லையென்றால் கேஃப்ரீ என்ற கர்னல் செயற்கூறு மூலம் நினைவகத்தை விடுவி, பிறகு பாயின்டரைக் காலியாக்கு.

படிக்கும்போது குற்றம் சொல்ல இடமே இல்லை. ஆனால் முதல் கோர் விடுவித்துவிட்டுப் பாயின்டரைக் காலியாக்கும் முன்பே இரண்டாவது கோர் 'காலி இல்லை' என்று பார்த்துவிட்டால், ஒரே நினைவகம் இரண்டு முறை விடுவிக்கப்படும்.

ஒரு இழை (தனியாக ஓடும் வேலை வரிசை) பஃபரை ஒதுக்கிக்கொண்டே இருக்கட்டும். இரண்டு இழைகள் விடுவித்துக்கொண்டே இருக்கட்டும். பிழை வரவில்லையென்றால், பார்ப்பதற்கும் விடுவிப்பதற்கும் நடுவில் சில மைக்ரோவினாடி தாமதம் வையுங்கள். அது சோதனைக்கு மட்டும். பிறகு எடுத்துவிட வேண்டும். இன்னொன்று: பதிவில் செய்தி எழுதும் பிரின்ட்கே வரி ஒன்றைச் சேர்த்ததும் பிழை மறைந்தால் தீர்ந்தது என்று நம்பாதீர்கள். நேரம் சற்றுத் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவே.

3. சாட்சி தேடுங்கள்

இரண்டு கருவிகள் உண்டு. லினக்ஸ் 4.0-இல் (2015) சேர்ந்த கேசான், நினைவகத்தை ஒதுக்கியது யார், முதலில் விடுவித்தது யார் என்று அழைப்பு வரிசையோடு காட்டும். 5.8-இல் (2020) சேர்ந்த கேசிசான், ஒரே இடத்தை இரண்டு கோர்கள் ஒழுங்கில்லாமல் தொடும்போது இரண்டு செயற்கூறுகளின் பெயரையும் சொல்லும். இரண்டையும் ஒரே கர்னலில் இயக்க முடியாது. தனித்தனியாக பில்ட் செய்யுங்கள்.

4. திருத்துங்கள்

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு மாணவர் கேஃப்ரீ வரிக்கு மட்டும் பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு) போட்டுவிட்டு, "பூட்டு இருக்கிறதே, ஏன் இன்னும் விழுகிறது?" என்று கேட்டார். 'காலியா' என்ற கேள்வி பூட்டுக்கு வெளியே இருந்தது. உள்ளே நுழைவதற்குள் அதற்குக் கிடைத்த பதில் பழையதாகிவிட்டது. இன்னொருவர் மாறியை ஒரே முறையில் படிக்கவும் எழுதவும் வைக்கும் ரீட்-ஒன்ஸ், ரைட்-ஒன்ஸ் மேக்ரோக்களைச் சேர்த்தார். கேசிசான் வாயடைத்துப்போனது, இரட்டை விடுவிப்பு அப்படியே நின்றது. எச்சரிக்கையை அடக்குவதைத் திருத்தம் என்று நினைப்பது எனக்கு உண்மையிலேயே அச்சம் தருகிறது.

சரியான வழி இது. பூட்டை எடுங்கள், பாயின்டரை உள்ளூர் மாறி ஒன்றில் வாங்கிக்கொள்ளுங்கள், மூலப் பாயின்டரைக் காலியாக்குங்கள், பூட்டை விடுங்கள். பிறகு உள்ளூர் மாறியில் இருப்பதை விடுவியுங்கள். இப்போது இரண்டாவது கோர் எப்போது வந்தாலும் காலிப் பாயின்டரைத்தான் பார்க்கும். பஃபரை ஒதுக்கும் இடமும், படிக்கும் இடமும் இதே பூட்டைத்தான் எடுக்க வேண்டும். பாயின்டரின் அறிவிப்புக்குப் பக்கத்திலேயே எந்தப் பூட்டு அதைக் காக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதிவையுங்கள்.

எந்தப் பூட்டு? நம் டிரைவருக்கு மியூடெக்ஸ் (கிடைக்கும் வரை தூங்கிக் காத்திருக்கும் பூட்டு) போதும். இன்டரப்ட் கையாளியும் (சாதனம் குறுக்கிட்டு அழைக்கும்போது ஓடும், தூங்கக் கூடாத நிரல்) அதே தரவைத் தொட்டால் மியூடெக்ஸ் கூடாது. இன்டரப்டை நிறுத்திவைக்கும் ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் காத்திருக்கும் பூட்டு) வேண்டும். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக்கூடிய எதையும் அழைக்காதீர்கள். பயனர் நினைவகத்துக்கு நகலெடுப்பதும் அதில் அடங்கும். மொய்ச் சீட்டுப்போல வெறும் எண்ணிக்கை என்றால், பார்ப்பதும் கூட்டுவதும் எழுதுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்கும் அட்டாமிக் மாறியே போதும்.

5. மறுபடி சோதியுங்கள்

2.6.18 (2006) முதல் கர்னலில் இருக்கும் லாக்டெப் என்ற பூட்டுச் சோதனைக் கருவியை இயக்குங்கள். பிழை நேர்ந்து பாதியில் திரும்பும் வழியில் பூட்டை விட மறந்திருந்தால் அது சொல்லிவிடும். பிறகு 2-ஆம் படியின் சோதனையை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். அவசரம் வேண்டாம்: 2016-இல் வெளிச்சத்துக்கு வந்த டர்ட்டி கௌ என்ற ரேஸ் பிழை, 2007-இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்தே கர்னலில் இருந்தது.

காலையில் பதிவு சுத்தமாக இருந்தால், தாமத வரியை நீக்கிவிட்டுப் பேட்ச் (அனுப்பும் திருத்தம்) எழுதுங்கள். எந்தக் கோர் எந்த வரியில் நிற்கும்போது மற்றது எங்கே நுழைகிறது என்பதை விளக்கத்தில் வரிசையாகச் சொல்லுங்கள். பிழை நுழைந்த கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) அடையாளக் குறியீட்டின் முதல் 12 எழுத்துகளோடு 'ஃபிக்ஸஸ்' வரியைக் கடைசியில் சேருங்கள்.