காது மிஷின்: வாங்கிய பிறகு செய்யும் தவறுகள்

"ஒரே இரைச்சல், பிரயோஜனமே இல்ல" என்று வாங்கி இரண்டு மாதத்தில் திரும்பி வருகிறார்கள். பெட்டியைத் திறந்தால் மிஷின் புத்தம்புதிதாக இருக்கிறது. தண்ணீர் படக்கூடாது, கீழே போடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

வெளியே போகும்போது மட்டும் மாட்டுவது

பணம் வீணாவது பெரும்பாலும் இதில்தான். "வீட்லதானே இருக்கேன், எதுக்கு?" என்று பீரோவில் வைத்துவிட்டு, கல்யாணத்துக்குக் கிளம்பும்போது எடுத்து மாட்டுகிறார்கள். நாதஸ்வரமும் மேளமும் பந்தியும் சேர்ந்த மண்டபத்தில் எந்த மிஷினும் திணறும். காது கூசுகிறது, கழற்றிப் பையில் போடுகிறார், அதோடு சரி. கோபம் பெரியவர்மேல் வருவதில்லை. விசேஷத்தன்று மட்டும் அதை எடுத்துக் கொடுக்கும் வீட்டார்மேல்தான் வருகிறது.

வயதானால் முதலில் போவது மெல்லிய, உச்ச ஓசைகள். ச, த, ப போன்ற எழுத்துகள் நழுவுவதால், பேசுவது கேட்கும், சொல் பிடிபடாது. பல வருடம் கேட்காத ஓசைகள் திடீரென்று திரும்பும்போது மின்விசிறி, பாத்திரம், செருப்புச் சத்தம் எல்லாமே முன்னுக்கு வந்து நிற்கும். எதை ஒதுக்க வேண்டும் என்பதை மூளை மறுபடி பழக வேண்டும். தினமும் மாட்டினால்தான் பழகும்.

முதல் வாரம் அமைதியான அறையில் ஒரே ஒருவரோடு, தினம் ஒன்றிரண்டு மணி நேரம். செய்தித்தாளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சொந்தக் குரல் பானைக்குள் பேசுவதுபோல் இருக்கும், பெரும்பாலும் சில வாரங்களில் பழகிவிடும். இரண்டாம் வாரம் டிவி செய்தியோடு மூன்று நான்கு மணி நேரம். பிறகு சமையலறை, தெரு. புதுச்சேரியின் குபேர் அங்காடி மாதிரி நெரிசலான இடம் கடைசியில். ஒரு மாதத்தில், எழுந்தது முதல் படுக்கும்வரை.

இன்றைய டிஜிட்டல் மிஷின்கள் பல, சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடின என்று பதிவு செய்கின்றன. ஆடியோலஜிஸ்ட் (காதைச் சோதித்து மிஷினைச் சரிசெய்து தருபவர்) அதைக் கணினியில் பார்க்கலாம். "தினமும் போடறேன்" என்று அவரிடம் மாற்றிச் சொல்லாதீர்கள். பழகாத காதின் புகாரை நம்பி ஒலியைக் குறைத்தால், கேட்க வேண்டிய பேச்சும் சேர்ந்து குறையும். "இரைச்சல்" என்ற ஒற்றைச் சொல்லும் போதாது. "குக்கர் விசில் குத்துது", "பேரன் குரல் கேக்குது, வார்த்தை புரியல" என்று குறித்துக்கொண்டு போனால் ட்யூனிங் சரியாக அமையும்.

ஒரு காதோடு நிறுத்துவது

இரண்டு காதும் மந்தமென்றால், முடிந்தவரை இரண்டுக்கும்.

கடல்காற்றை மறப்பது

கடலூர், புதுச்சேரிக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். இரவில் பேட்டரியைக் கழற்றி, அதன் கதவைத் திறந்தபடி, மிஷினைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். நிறம் மாறும் மணிகள் மாறிவிட்டால் ஈரத்தை இழுக்காது, மாற்றிவிடுங்கள். அரிசி டப்பா வேண்டாம், தூசி உள்ளே போகும். மொட்டைமாடி வெயிலும் வேண்டாம்.

காதுக்குப் பின்னால் மாட்டி, மோல்டை (காதின் அளவுக்குச் செய்த அச்சு) காதுக்குள் பொருத்தும் வகையில், ட்யூபில் நீர்த்துளி நின்றால் சத்தம் விட்டு விட்டு வரும். ட்யூபைக் காதின்மேல் வளையும் கொக்கியிலிருந்து பிரித்து, ஊதும் ரப்பர் பல்பால் துளியை வெளியேற்றுங்கள். ட்யூப் விறைத்து மஞ்சளாகிவிட்டால் மாற்ற வேண்டும்.

எண்ணெய்

தலையில் எண்ணெய் வைத்த கையோடு மாட்டினால் மைக் துளை அடைபடும். எண்ணெய்க் குளியலன்று முடி முழுக்க உலரட்டும். காதுக்குள் எண்ணெய் விடவே வேண்டாம்.

மிஷின் கீச்சென்று கத்தினால் ஒலியைக் குறைப்பது

மோல்டு முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து காது அழுக்கு: அதை டாக்டர் எடுக்கட்டும், பட்ஸ் விடாதீர்கள். இரண்டும் சரியென்றால் மோல்டு தளர்ந்திருக்கலாம்.

காதருகே போய்க் கத்துவது

எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசினால் போதும்.

பேட்டரி ஸ்டிக்கர்

காது மிஷினில் போடும் பொத்தான் போன்ற ஜிங்க்-ஏர் பேட்டரி காற்றில் உள்ள ஆக்சிஜனால் இயங்குகிறது. ஸ்டிக்கரை உரித்து இரண்டு மூன்று நிமிடம் வெளியே வைத்த பிறகு போடுங்கள். உரித்ததைத் திரும்ப ஒட்டினாலும் அது தீர்ந்துகொண்டுதான் இருக்கும்.

பேட்டரியை மாத்திரை டப்பா பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். பார்வை மங்கியவர்கள் மாத்திரை என்று நினைத்து விழுங்கிவிடுவதுண்டு, பேரக்குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்வதும் உண்டு. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், பேட்டரி வந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.