தோற்றுக்கொண்டிருக்கும் அணி பெரிய நட்சத்திரத்தை வாங்கலாமா? கணக்குப் பார்க்கும் விதம்

முதலில் ஓர் ஆண்டைக் குறியுங்கள்: இந்த அணி எப்போது 88 ஆட்டங்களை ஜெயிக்கும்? மேஜர் லீக் பேஸ்பாலில் 162 ஆட்டங்கள்; பிளேஆஃபுக்கு (சீசன் முடிவில் நடக்கும் கோப்பைச் சுற்றுக்கு) ஏறக்குறைய அந்த அளவு வேண்டியிருக்கும். "சீக்கிரமே" என்பது பதில் இல்லை. ஆண்டைச் சொல்ல முடியாவிட்டால் பணப்பெட்டியைத் திறக்காதீர்கள்.

அந்த ஆண்டு மைனர் லீகில் (இளம் வீரர்கள் தேறி வரும் கீழ்மட்ட லீகில்) தெரியும். அதன் மேல்நிலைகளான டபுள் ஏ, டிரிபிள் ஏ அணிகளில் இருப்பவர்களில் யார் எப்போது மேலே வருவார்கள் என்று எழுதிப் பாருங்கள். வந்தவர் ஆறு சர்வீஸ் ஆண்டுகள் (மேஜர் லீகில் இருக்கும் காலம்) அணியின் கையில் இருப்பார். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே (2025-ல் 7,60,000 டாலர்). நட்சத்திரத்தின் சம்பளம் உறுத்தாத காலம் அதுதான்.

அடுத்து ஒப்பந்தத்தை ஆண்டு ஆண்டாகப் பிரியுங்கள். 30 வயதுக்காரர், எட்டு ஆண்டுகள். 'வார்' (சாதாரண மாற்று ஆளைவிட ஒருவர் கூடுதலாகத் தரும் வெற்றிகள்) கணக்கில் முதல் ஆண்டு 5 வெற்றி, பிறகு ஆண்டுக்கு அரை வெற்றி தேய்மானம் என்று வைத்தால் மொத்தம் 26. அணி நான்காம் ஆண்டில்தான் எழும் என்றால் அதற்குள் 13.5 போய்விடும். பாதிக்கு மேல், அதுவும் 65 வெற்றி அணியை 70 ஆக்குவதற்கு! இரண்டாம் ஆண்டிலேயே எழுந்தால் வீணாவது 5 மட்டும். அதே ஆள், அதே பணம். ஆனால் எல்லாரும் விலையைப் பற்றியே சண்டை போடுகிறார்கள், ஆண்டைப் பற்றி அல்ல.

டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் இரண்டு விதமாகவும் செய்து பார்த்த அணி. 2000 டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிகஸுக்கு 10 ஆண்டு, 25.2 கோடி டாலர். 2002-ல் 57 ஹோம் ரன் அடித்தார், 2003-ல் எம்.வி.பி. (லீகின் சிறந்த வீரர்) ஆனார், ஆனால் பிட்சிங் (பந்துவீச்சு) தேறாததால் மூன்று ஆண்டும் அணி பிரிவில் கடைசி. 2004-ல் யாங்கீஸுக்கு அனுப்பியபோது சம்பளத்தில் ஒரு பங்கையும் சுமக்க வேண்டியிருந்தது. 2021-ல் 102 தோல்விக்குப் பிறகு கோரி சீகர் (10 ஆண்டு, 32.5 கோடி), மார்கஸ் செமியன் (7 ஆண்டு, 17.5 கோடி). அடுத்த ஆண்டும் 94 தோல்விதான். ஆனால் அதோடு நிறுத்தாமல் நேதன் இவால்டி போன்ற பிட்சர்களைச் சேர்த்தார்கள்; ஜாஷ் யங், எவன் கார்ட்டர் கீழிருந்து வந்தார்கள். 2023-ல் வேர்ல்ட் சீரிஸ் (இறுதித் தொடர்) கோப்பை கையில்.

ஷரத்துகளில் கண் வையுங்கள். ஆப்ட்-அவுட் (ஒப்பந்தத்திலிருந்து இடையில் விலகும் உரிமை) கொடுத்தால் நன்றாக ஆடுகிறவர் அணி எழும் நேரத்தில் கிளம்பிவிடுவார், சரிந்தவர் உட்கார்ந்துகொள்வார். 'நோ-டிரேடு' உரிமை கொடுத்தால் திட்டம் தவறும்போது அவர் சம்மதமின்றி நகர்த்த முடியாது. குவாலிஃபையிங் ஆஃபரை (பழைய அணி நீட்டும் ஓராண்டு ஒப்பந்தத்தை) மறுத்து வந்தவரை வாங்கினால், புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்பு பறிபோகும். மறுகட்டமைப்பில் இருக்கும் அணிக்கு இதுதான் பெரிய அடி. சீசன் நடுவே அணி மாறியவருக்கு அந்த ஆஃபர் கொடுக்க முடியாது என்பதால், அதே தரத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைப் பிடியுங்கள்.

கணக்கு உதைத்தால் குறுகிய ஒப்பந்தத்தில் பிட்சர்களை எடுக்கலாம். 2023-ல் 106 ஆட்டங்கள் தோற்ற கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் சேத் லூகோவை 3 ஆண்டுக்கு 4.5 கோடிக்கும், மைக்கேல் வாக்காவை 2 ஆண்டுக்கு 3.2 கோடிக்கும் எடுத்தது. நட்சத்திரம் பாபி விட் ஜூனியர் ஏற்கெனவே அந்த அணியிலேயே வளர்ந்த வீட்டுப் பிள்ளை. 2024-ல் 86 வெற்றி, பிளேஆஃப்.