மழையை அளக்க ஒரு டின் போதும்: பள்ளிப் பிள்ளைகளை ஆய்வு செய்ய வைப்பது எப்படி?

அறிவியல் கண்காட்சி என்றால் தெர்மாகோல் எரிமலை, அதில் சோடா உப்பும் வினிகரும் ஊற்றினால் பொங்கும், எல்லாரும் கைதட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது ஆய்வு இல்லை, ஏனென்றால் என்ன ஆகும் என்று செய்கிறவருக்கும் பார்க்கிறவருக்கும் முன்பே தெரியும். வாத்தியாருக்கே விடை தெரியாத ஒரு சின்னக் கேள்வி வேண்டும். நீலகிரியில் அதற்குப் பஞ்சமே இல்லை.

கேள்வியைச் சுருக்குவதுதான் பாதி வேலை. எட்டாம் வகுப்பில் போய் "எதை ஆராயலாம்?" என்று கேட்டால் புவி வெப்பமயமாதல், காடழிப்பு, யானை வழித்தடம் என்று பெரிய பெரிய தலைப்பாகவே வரும். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். "சரி, அதில் நம்மால் எதை அளக்க முடியும், எங்கே வைத்து, எதைக் கொண்டு?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். 'பருவமழை மாறிவிட்டதா?' என்று தொடங்கியது, 'ஐப்பசி மாதத்தில் குன்னூர்ப் பக்கம் பெய்கிற அளவு மழை கேத்தியிலும் பெய்கிறதா?' என்று வந்து நின்றால் போதும், அதை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். இந்த மலையில் அது நல்ல கேள்வியும்கூட. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்கை நம்பி இருப்பவை, நடுவில் இருக்கிற ஒவ்வொரு ஹட்டிக்கும் (படுகர் ஊருக்கும்) ஒரு கணக்கு. உங்கள் பள்ளிக்குப் பல ஊர்களிலிருந்து பஸ்ஸில் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் பல ஊர்களில் மழைமானி இருக்கிறது என்று அர்த்தம்.

கருவிக்குச் செலவில்லை. பாட்டிலை வெட்டிப் புனல் போலக் கவிழ்த்துச் செய்கிற மழைமானியைப் பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள், ஆனால் நம் மாவட்டத்தில் தண்ணீர் பாட்டிலுக்கே தடை இருக்கும்போது பிள்ளைகளை அதை வாங்கச் சொல்வது சரியில்லை. பக்கச் சுவர் நேராகவும் அடி தட்டையாகவும் இருக்கிற பால் பவுடர் டின் போதும். மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைக்கக் கூடாது. பக்கத்து மரம் எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைத்து, காற்றில் சாயாமல் இரண்டு செங்கல்லை முட்டுக் கொடுக்கவும். கற்பூர மரத்தடியில் (யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) வைத்தால், மழையே இல்லாத நாளில்கூடப் பனிமூட்டம் இலையில் படிந்து சொட்டுச் சொட்டாக டின்னில் இறங்கும். அதைத் தனி ஆய்வாகவே செய்யலாம்.

தினமும் ஒரே நேரத்தில் ஸ்கேலை விட்டு ஆழத்தை மில்லிமீட்டரில் பார்க்க வேண்டும், பார்த்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வானிலை ஆய்வு மையம் காலை 8:30-க்கு அளக்கிறது. நம் பிள்ளைகள் அந்த நேரத்தில் பஸ்ஸில் இருப்பார்கள், அதனால் எல்லாருக்கும் 7:30 என்று வைத்துக்கொள்ளலாம். விடிந்த பிறகு வீட்டு வாசலில் அளந்தால் போதும். காட்டெருமை திரிகிற தேயிலைத் தோட்டத்துக்குள் யாரும் போக வேண்டியதில்லை. இன்னொன்று, பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்ஜியம் விளிம்பிலிருந்து தொடங்காது, கொஞ்சம் இடம் விட்டுத்தான் தொடங்கும். அந்த இடைவெளியை அளந்து தினமும் கூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எல்லா எண்ணும் குறைவாகவே வரும்.

பெரிய டின் வைத்தவனுக்கு அதிக மழை கிடைக்காதா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். பெரிய டின், சின்ன டின் இரண்டையும் பள்ளி மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். வாய் அகலமானால் அதிகத் தண்ணீர் விழும், ஆனால் அது அகலமாகவே பரவும், அதனால் ஆழம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதோடு அந்த 'கிட்டத்தட்ட' எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். பக்கத்தில் இருக்கிற இரண்டு டின்னுக்குள்ளேயே 2 மி.மீ. வித்தியாசம் வருகிறது என்றால், இரண்டு ஊருக்கு நடுவே 2 மி.மீ. வித்தியாசம் வந்ததைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்ல முடியாது. முழு ஆய்விலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

நோட்டில் தேதி, நேரம், ஊர், அளவு, அப்புறம் ஒரு வரிக் குறிப்பு. மழை இல்லாவிட்டால் 0. மறந்துவிட்டாலோ, டின்னை நாய் தட்டிவிட்டாலோ 'அளக்கவில்லை'. இரண்டும் ஒன்றில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் கட்டம் காலியாக இருந்தால் பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது, ஏதாவது ஒரு எண்ணைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். மேகம் மூடிய நாளில் அங்கேயும் படம் இருக்காது, அதற்காக யாரும் வரைந்து ஒட்டுவதில்லை என்று சொல்லுங்கள். தொடங்கும் முன்பே ஒவ்வொருவரின் ஊகத்தையும் எழுதி வாங்கி வைத்துவிடுங்கள். ஊகம் தப்பாகப் போனால் மதிப்பெண் குறையாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

நான்கு வாரம் ஆனதும் கட்டத்தாளில் பட்டை வரைபடம், ஊருக்கு ஒரு நிறம். எண்ணைச் சொல்வதோடு அதற்கு உருவமும் கொடுக்கச் சொல்லுங்கள். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது, அதாவது 20 செ.மீ. உயர டின் நான்கு முறை நிரம்பியிருக்கும்.

மேடையில் பேசுவதற்கு மனப்பாடம் வேண்டவே வேண்டாம். என்ன கேட்டோம், எப்படி அளந்தோம், என்ன வந்தது, எதில் சந்தேகம் இருக்கிறது என்ற நான்கையும் வரைபடத்தைக் கையால் காட்டி, வீட்டில் பேசுகிற தமிழில் சொன்னால் போதும். முதல் ஒத்திகையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் வையுங்கள், அவர்களுக்குப் புரியாத இடத்தில் உடனே சத்தம் வந்துவிடும். அப்புறம் நீங்களே நடுவராக உட்கார்ந்து குடையுங்கள்: "ஏன் டின்?", "நீ அளந்ததையே இவள் அளந்தால் அதே எண் வருமா?", "ஒரு மாதத்தை வைத்து மழை குறைந்துவிட்டது என்று சொல்லலாமா?" கடைசிக் கேள்விக்கு "சொல்ல முடியாது சார், நாங்கள் ஒரு மாதம்தான் அளந்தோம்" என்று பதில் வந்தால் அந்தக் குழுவைத் தாராளமாக வெளி மேடைக்கு அனுப்பலாம். 1993 முதல் நடக்கிற தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரை கலந்துகொள்ளலாம், தமிழிலேயே பேசலாம். அதற்கு ஒரு மையக் கருப்பொருள் உண்டு. உங்கள் கேள்வி அதற்குள் அடங்குகிறதா என்று டின்னை வைக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.