பழைய பேப்பர் தலைப்புக்கு புதுசா விளைவு கோர்த்து விடுறது எப்படி

விளையாட்டு இம்புட்டுதான்: பழைய பேப்பர்ல நிஜமா வந்த சேதி ஒண்ண எடுத்துக்கணும், "இதனால நம்ம தெருவுல என்ன ஆச்சு தெரியுமா"ன்னு ஒரு கப்சாவ கோர்த்து விடணும். தினத்தந்தியே 1942ல மதுரையிலதான் ஆரம்பிச்சது, அதனால தலைப்புச் செய்திய ஓட்டுறதுக்கு நமக்கு கொஞ்சம் கூடுதல் உரிமை இருக்குன்னு வச்சுக்கங்க.

பேப்பர் எங்க கிடைக்கும்னா, பழைய பேப்பர் கடைக்கு போகாதீங்க, அங்க இருக்கிறது எல்லாம் போன மாசத்து பேப்பர். வீட்டு பரண்ல கிடக்குற டிரங்குப் பெட்டிய திறந்து துணிய எல்லாம் எடுத்துட்டு அடியில பாருங்க, துருப்பிடிச்ச ஓரத்தோட பழுப்பா ஒரு தாள் விரிச்சிருப்பாக, பூச்சி உருண்டை வாசத்தோட வரும், அதுதான் சரக்கு.

முதல் விதி, சேதி நிஜமா இருக்கணும், தேதி ஊர் ஆபீஸ் பேரு எல்லாம் சுத்தமா இருக்கணும், பொய் விளைவுல மட்டும்தான். ரெண்டாவது, விளைவு சின்னதா இருக்கணும். "உலகமே ஸ்தம்பித்தது"ன்னு எழுதுனா ஒருத்தனும் சிரிக்க மாட்டான், நம்ம தெரு பைப்படியில என்ன சண்டை வந்துச்சுன்னு எழுதுங்க, அப்பதான் எடுபடும்.

1969 ஜூலையில மனுசன் நிலாவுல கால் வச்ச சேதிய எடுத்துக்கங்க. உடனே கை நாயர் டீக்கடைக்கு போகும், போகக் கூடாது, அந்த ஜோக்குக்கு தாத்தா வயசு. நான் எழுதுனா இப்படி எழுதுவேன்:

"மதுரை, ஜூலை 23: நிலாவில் ஆள் நடமாட்டம் இருப்பதால் குழந்தைகள் அதைப் பார்த்து சாப்பிட வெட்கப்படுகின்றன. செல்லூர் பகுதி தாய்மார்கள் தெருவிளக்கைக் காட்டி சோறு ஊட்டி வருகின்றனர். விளக்கு எரியாத தெருக்களில் குழந்தைகள் மெலிந்து விட்டதாகக் கூறி, உடனே பல்பு மாற்றக் கோரி, பருப்புச்சோற்றுக் கிண்ணத்துடன் நகராட்சி அலுவலகத்தை முற்றுகையிட்டனர். இதனால் அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது."

இதுல ஒரு வார்த்தைய கவனிங்க, நகராட்சி. மதுரை மாநகராட்சி ஆனது 1971லதான், 69ல மாநகராட்சின்னு எழுதுனா எவனாச்சும் ஒரு வாத்தியாரு வந்து பிடிச்சுக்குவாரு, அப்புறம் சிரிப்பு போயி பஞ்சாயத்து ஆயிரும். நிலாவையும் பாத்து எழுதணும், அன்னைக்கு வளர்பிறை, ஏறத்தாழ அரை நிலா, அதனால பௌர்ணமி வெளிச்சம்னு உருகாதீங்க. நம்ம நேரப்படி 21ந் தேதி காலையில எட்டரை மணி வாக்குல கால் வச்சாக, அன்னைக்கு ராத்திரியே கிளம்பிட்டாக, ஆனா 23ந் தேதி சோறு திங்கிற பிள்ளைக்கு அது தெரியவா போகுது. கடைசியில பல்பு வந்து நிக்குது பாருங்க, அதுதான் முக்கியம். கப்சா எங்கிட்டு சுத்துனாலும் கடைசியில நிஜமாவே நம்ம தெருவுல இருக்குற குறையில போய் முட்டணும்.

இன்னொண்ணு, 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சது. பேங்க் வாசல்ல நின்ன கூட்டத்த வச்சு எழுதாதீங்க, வயசானவுக வெயில்ல நின்ன கதை அது, சிரிக்க ஒண்ணும் இல்ல. உசிலம்பட்டி பக்கம் வாங்க. மொய் நோட்டுல பத்து வருசமா நிலுவையில கிடந்த பங்காளி, மச்சான், ஒன்னுவிட்ட சித்தப்பா எல்லாம் தானா தேடி வந்து பழைய மொய்ய 500 ரூபாயா எண்ணி வச்சுட்டு வெத்தல கூட வாங்காம ஓடுறாக, வாங்குனவரு சும்மா இருப்பாரா, ஏற்கனவே காது குத்துன பிள்ளைக்கே மறுபடி காதுகுத்துன்னு பத்திரிகை அடிக்கிறாரு, பேங்க்ல போட டிசம்பர் 30 வரைக்கும் டைம் இருந்தாலும் மார்கழியில விசேசம் வைக்க மாட்டாகளே, அதனால கார்த்திகைக்குள்ள ஊர்ல இருக்குற அம்புட்டு காதுலயும் ஓட்டை. இதுல பாதி நிஜமாவே நடந்திருக்கும்னு படிக்கிறவுகளுக்கு ஒரு சந்தேகம் வரணும், வந்துட்டா ஜெயிச்சீங்க.

1979ல ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழப்போகுதுன்னு ஊரே பயந்துச்சே, அதுல கீழமாசி வீதி மளிகைக்கடை பாக்கிய வச்சு எழுதலாம், "தலையில என்ன விழும்னே தெரியல, பாக்கிய போயி கேக்குறீகளே அண்ணாச்சி"ன்னு. ஜூலை 11 அது இந்துமகா சமுத்திரத்துலயும் ஆஸ்திரேலியாவுலயும் விழுந்துச்சு, 12ந் தேதி காலையில அண்ணாச்சி கணக்கு நோட்டோட வாசல்ல. ஆஸ்திரேலியாவுல எஸ்பெரன்ஸ்ங்கிற ஊர்ல குப்பை போட்டதுக்கு நாசாவுக்கு 400 டாலர் ஃபைன் போட்டாக, இது கப்சா இல்ல, நிஜம். அதனால அந்தப் பக்கம் போயிராதீங்க, நிஜத்துகிட்ட தோத்துருவீங்க. 2017ல வைகை அணையில தண்ணி ஆவியாகாம இருக்க தெர்மாகோல் விரிச்சதும் அப்படித்தான், காத்து அத கரையில கொண்டாந்து போட்டுருச்சு, அதுக்கு மேல நாம என்னத்த கோர்க்குறது, விட்டுருங்க.

சாவு, விபத்து, சாதி, இந்த மூணு தலைப்பையும் தொடவே கூடாது, காரணம் சொல்லணுமா என்ன. மத்தபடி விளைவ பேச்சுல எழுதாம பேப்பர் நடையிலயே எழுதுங்க, "பொதுமக்கள் அவதி", "போலீசார் வலைவீச்சு" எல்லாம் முகத்த இறுக்கி வச்சுக்கிட்டு போடணும், நடுவுல சிரிக்கிற பொம்மை போட்டீங்கன்னா காரியம் கெட்டுச்சு.

அனுப்புறதா இருந்தா படத்து மேலயே பெருசா "கற்பனை"ன்னு எழுதிருங்க, கீழ தனியா எழுதுனா ஃபார்வர்டு ஆகும்போது அது கழண்டு போகும். அப்படியும் குடும்ப வாட்சப் குரூப்புல ஒரு மாமா "ஆமாப்பா, அந்த முற்றுகையில நானும் நின்னேன், போலீஸ் தடியடி கூட நடந்துச்சு"ன்னு போடுவாரு. மறுக்காதீங்க. தடியடிக்கு காரணம் என்னன்னு கேளுங்க, அடுத்த வாரத்துக்கு சேதி ரெடி.