ராஜபாளையமா, சிப்பிப்பாறையா: நாய் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் அப்பாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவின் கையில் மாதக் காலண்டரில் கிழித்த ஒரு தாள். அதன் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து நடுவே கோடு போட்டிருந்தார்கள். இடப்பக்கம் ராஜபாளையம், வலப்பக்கம் சிப்பிப்பாறை. கீழே வரிசையாக நிறம், உயரம், விலை, வேகம், வீரம். வீரத்தில் ராஜபாளையத்துக்குப் பத்துக்குப் பத்து, சிப்பிப்பாறைக்கு எட்டு. இரண்டு மதிப்பெண்ணை எதற்காகக் குறைத்தீர்கள் என்று கேட்டேன். “தெரியாது மாமா, அப்பாதான் போட்டார்” என்றாள் மகள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள்.

சிரித்துவிட்டேன். அவர்கள் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 2006-இல் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன்; தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

மதுரையில் வீட்டு நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்த இரண்டு இனங்களையும் வளர்த்திருக்கிறேன். தடுப்பூசி போடுங்கள், சாக்லேட் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களே செய்கிற தவறுகள் வேறு இருக்கின்றன.

“இரண்டும் நாட்டு நாய்தானே”

ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டு ஊர்களும் விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இரண்டு நாய்களும் இரையைக் கண்ணால் கண்டு துரத்துபவை. அத்தோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது. கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகமே இரண்டையும் தனித்தனி இனங்களாகத்தான் பதிவு செய்திருக்கிறது.

ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட கனத்த நாய். தோள் உயரம் சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை போகும். வாசலில் நின்று, யார் நம்மவர், யார் அந்நியர் என்று அதுவே முடிவு செய்யும். அந்த முடிவை லேசில் மாற்றிக்கொள்ளாது. சிப்பிப்பாறை கரிசல் காட்டில் முயலை விரட்டுவதற்கென்று இளைத்து நீண்ட நாய். வாசலுக்கு வருகிற ஆளை அது பெரிதாகப் பொருட்படுத்தாது. வாசலுக்கு வெளியே ஓடுகிற கோழியிலிருந்து கண்ணை எடுக்காது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் ஆசையாக ராஜபாளையம் வாங்கினார். வீட்டில் தினமும் மாலையில் டியூஷன். இருபது பிள்ளைகள் வருவார்கள். நாய்க்கு அந்த வீட்டில் நான்கு பேர்தான் சொந்தம். மீதி இருபது பேரும் தினமும் ஐந்து மணிக்குச் சேர்ந்து வருகிற திருடர்கள். ஆறே மாதத்தில், ஐந்திலிருந்து எட்டு மணி வரை பின்னறையில் பூட்டப்பட்டு ஊளையிடுகிற நாயாக அது மாறிவிட்டது. பிறகு தென்னந்தோப்புக்கு அனுப்பினார்கள். அங்கே நன்றாக இருக்கிறது. அந்த வீட்டுக்கு அது பொருந்தவில்லை, வேறொன்றுமில்லை. ஒப்பிட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் ‘வீட்டுக்கு ஒரு நாளில் எத்தனை பேர் வந்து போகிறார்கள்’ என்ற வரியை எழுதி நான் இதுவரை பார்த்ததில்லை.

மாசு மறு இல்லாத வெள்ளை

இதை எழுதும்போது இன்றும் எரிச்சல் வருகிறது. பாதி எரிச்சல் என்மேலேயே.

2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நாய் கண்ணில் படவில்லை. அடுத்த ஆண்டு ஒருவர் வீட்டில் ஏழு குட்டிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஆறு குட்டிகள் பால் வெள்ளை. ஒன்றுக்கு மட்டும் இடது காதில் காப்பிப்பொடி சிந்தியது போல ஒரு கறை. “இதைப் பாதி விலைக்குத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் அந்த வீட்டுக்காரர். முகத்தைச் சுளித்தேன். அதே வாரம் ஒரு நண்பர் தன் சிப்பிப்பாறை ஈன்ற குட்டி ஒன்றைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். செம்மண் நிறம். அதையும் வேண்டாம் என்றேன். ஆறு வெள்ளைகளில் எது மிகவும் வெள்ளை என்று வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். புடவைக் கடையில்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முத்து என்று பெயர் வைத்தோம். குக்கர் விசிலுக்கு அசையமாட்டான். மிக்ஸி ஓடும்போது அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவான். அந்தத் தீபாவளிக்குத் தெரு முழுக்க வெடித்தபோது, மற்ற வீட்டு நாய்களெல்லாம் கட்டிலுக்கடியில் நடுங்கின. முத்து நடுக்கூடத்தில் மல்லாந்து படுத்துத் தூங்கினான். அக்கம்பக்கத்தாரை அழைத்து வந்து காட்டினேன். “வேட்டை நாயின் ரத்தம் அப்படி” என்று பெருமையாகச் சொன்னேன். வீரத்துக்குப் பத்துக்குப் பத்து.

கூப்பிட்டால் மட்டும் வரமாட்டான். திமிர் என்று நினைத்தேன். நான்கு மாதம் அவனோடு மல்லுக்கட்டினேன், கத்தினேன், கையை ஓங்கவும் செய்தேன். ஒருநாள், தூங்கிக்கொண்டிருந்தவனை என் அக்கா மகன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். திடுக்கிட்டு எழுந்த முத்து பையனின் புறங்கையைக் கவ்விவிட்டான். அரசு மருத்துவமனையில் ஊசி, அக்கா வீட்டில் பேச்சு, மறுநாள் கால்நடை மருத்துவர்.

அவர் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, முத்துவின் கண்ணுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். தான் பின்னால் போய் நின்று விசிலை ஊதினார். எனக்குக் காது வலித்தது. பக்கத்து அறையில் கூண்டிலிருந்த நாய்கள் எல்லாம் குரைக்கத் தொடங்கின. முத்து பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல்கூட அசையவில்லை.

ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. டால்மேஷியன் முதலிய வெள்ளைத் தோல் இனங்கள் பலவற்றிலும் உண்டு. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், ஒலியை உணர்கிற மெல்லிய மயிர்ச் செல்கள் பிறந்த சில வாரங்களில் பட்டுப்போய்விடும். குட்டிக்குக் காது திறப்பதே இரண்டாவது வாரத்தில்தான். இந்தக் குறையுள்ள குட்டிக்குத் திறந்த காது அடுத்த சில வாரங்களில் உள்ளுக்குள் மூடிக்கொள்கிறது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. எல்லா வெள்ளைக் குட்டியும் செவிடு இல்லை. பெரும்பாலானவை நன்றாகவே கேட்கும். ஆனால் பொட்டு விழுந்த குட்டியை ஒதுக்கி, மாசு மறு இல்லாததையே தேடி வாங்குகிறோம், அதையே இனப்பெருக்கத்துக்கும் விடுகிறோம். குறையை நாமே பொறுக்கியெடுத்து வளர்க்கிறோம் என்று சொன்னால் ராஜபாளையம் பிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

சோதித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சோதிப்பதிலும் எல்லாரும் சறுக்குகிறார்கள். குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது கைதட்டுவார்கள். ஆறு குட்டிகள் திரும்பும், ஏழாவது அவற்றைப் பார்த்துத் திரும்பும். “எல்லாவற்றுக்கும் காது கேட்கிறது” என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஸ்டீல் தட்டைத் தரையில் போடுவார்கள். அதிர்வு பாதம் வழியாகப் போய்விடும். முகத்துக்குப் பக்கத்தில் கைதட்டினால் காற்று மேலே படும். குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆன பிறகு அதைத் தனி அறைக்குக் கொண்டுபோங்கள். அது தூங்கும்போதோ, எதையாவது முகர்ந்துகொண்டிருக்கும்போதோ, அதன் கண்ணில் படாத இடத்திலிருந்து சாவிக்கொத்தை ஒரே ஒரு முறை ஆட்டுங்கள். கேட்கிற குட்டி காதை நிமிர்த்தும், தலையைத் திருப்பும். சில நிமிடம் விட்டு மறுபக்கத்திலிருந்து ஆட்டுங்கள். விடாமல் ஆட்டினால் காது கேட்கிற குட்டியும் சலித்துப்போய்க் கண்டுகொள்ளாது. ஒரு காது மட்டும் கேட்கிற குட்டியை இப்படிக் கண்டுபிடிப்பது சிரமம். சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதிர்த்திசையில் தேடினால் சந்தேகப்படலாம். உறுதியாகத் தெரிய மின்கருவிச் சோதனைதான் வழி, அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஒரு காது மட்டும் கேட்கிற நாய் வீட்டில் நன்றாகவே வாழும். இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடக் கூடாது.

“சோதிக்கவெல்லாம் முடியாது, பிடித்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்” என்று விற்பவர் சொன்னால் விட்டுவிடுங்கள்.

முத்து 2017 வரை எங்களோடு இருந்தான். கைச்சாடை எல்லாம் கற்றுக்கொண்டான். இரவில் கொல்லையிலிருந்து அவனை அழைக்க டார்ச்சை இரண்டு முறை அணைத்து எரிப்பேன், ஓடி வந்துவிடுவான். தூங்கும்போது தொடுவதற்கு முன் மூக்கருகே கையை நீட்ட வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் பழகிவிட்டது. தெரியாமல் அடித்த அந்த நான்கு மாதத்தை மட்டும் அவன் மறந்தானா என்று எனக்குத் தெரியாது.

எலும்பு தெரிகிறதே

சிப்பிப்பாறை வாங்கினால் அக்கம்பக்கத்தில் இந்தக் கேள்வி நிச்சயம்: “சோறு போடுவதில்லையா?” வெட்கப்பட்டுக்கொண்டு சோற்றைக் கூட்டாதீர்கள். நலமான சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரியத்தான் வேண்டும். எட்டு மாதத்தில் தயிர்சாதத்தால் உருண்டையாக்கப்பட்ட ஒரு சிப்பிப்பாறையைப் பார்த்தேன். மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது.

கழுத்துப்பட்டை

சிப்பிப்பாறையின் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அகலம். சாதாரணப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும், பின்னால் ஓர் இழுப்பு இழுத்தால் தலை வழியாகக் கழன்று வந்துவிடும். எனக்கு அது தெரிந்தது, வைகைக் கரையில் கையில் வெறும் பட்டையோடு நின்றபோதுதான். ஓர் ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டுப் போன என் பெண் சிப்பிப்பாறை நாற்பது நிமிடம் கழித்து நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தானாகவே திரும்பி வந்தாள். நெடுஞ்சாலைப் பக்கம் ஓடியிருந்தால் இந்தப் பத்தியை இவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்க மாட்டேன். இழுத்தால் தானே சுருங்குகிற அகலமான பட்டை கிடைக்கிறது. குட்டி வருவதற்கு முன்பே வாங்கிவையுங்கள்.

மொட்டைமாடியில் கட்டுவது

ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கும் மெல்லிய தோலும் அக்கினி நட்சத்திர வெயிலில் வெந்துபோகும். நிழல் இல்லாத வீட்டுக்கு அது வேண்டாம்.

45 நாள் குட்டி

2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. “சீக்கிரம் வாங்கினால்தான் நம்மோடு ஒட்டும்” என்பது விற்பவரின் வசதிக்காகச் சொல்கிற பேச்சு.

முயலுக்கு விடுவது

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972. வழக்கு உங்கள்மேல்தான், நாய்மேல் இல்லை.

சங்கிலி

பகலெல்லாம் கட்டிப்போடப் போகிறீர்கள் என்றால் இரண்டுமே வேண்டாம்.

மயக்க மருந்து

உடலில் கொழுப்பு மிகக் குறைவான இத்தகைய ஓட்ட நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் உடலை விட்டு இறங்க நேரமாகும். கருத்தடைக்கு அழைத்துப்போகும்போது நாயின் இனத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சுவர்

நான்கடிச் சுவர் சிப்பிப்பாறைக்கு வாசற்படி மாதிரி. வாங்குவதற்கு முன் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அந்த அப்பாவிடமும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். நேற்றுத் தொலைபேசியில் அழைத்தார். முன்பக்கம் நாலேகால் அடியாம், பின்பக்கம் ஐந்தரையாம். கம்பி வலை போட்டால் போதுமா என்று கேட்டார். எந்த நாய் என்று இன்னும் முடிவாகவில்லை. “அந்தக் காலண்டர் தாளில் வீரத்தை அடித்துவிட்டு ‘காது’ என்று எழுதியிருக்கிறாள், அண்ணே. இரண்டு நாளாக அவள் அம்மாவின் பீரோ சாவிக்கொத்தையும் காணவில்லை” என்றார்.